ஆவடி லேப்பில் வேலை, வியாசர்பாடியில் வீடு: ஏரியாவுக்கு உதவ நினைப்பவர்களுக்கு

ஆவடியில் டி.ஆர்.டி.ஓ.வின் (மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) டேங்க் ஆராய்ச்சி லேப்பில் வேலை பார்த்துவிட்டு, சாயங்கால யூனிட் ரயிலில் ஏறி பெரம்பூரிலோ வியாசர்பாடி ஜீவாவிலோ இறங்கி வீட்டுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மெட்ராலஜி (துல்லிய அளவியல்) செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவள். சர்வீஸில் இருந்தபோதே ஏரியாப் பிள்ளைகளோடு உட்கார ஆரம்பித்தேன், இன்னும் உட்காருகிறேன். "நாங்களும் ஏதாவது செய்யணும் மேடம், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் வாயால் சொன்னதெல்லாம்தான் இது.

நோட்டு, பேனா, ஸ்கூல் பை, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். மன்றங்கள் இருக்கின்றன, சர்ச் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது. நம்மிடம் இருப்பது வேறு: மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூட மதிக்கிற கை, அரசாங்கப் படிவத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற பழக்கம். இவை இரண்டும் நம் தெருவுக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை. அதனால் பணத்தை விட்டுவிட்டு இவற்றைக் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் விதிகளைப் பார்த்துவிடுவோம். அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள். மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1964இல் 15ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். சம்பளம் வாங்காமல் செய்யும் சமூகப் பணிக்கும் தர்ம காரியத்துக்கும் முன் அனுமதி தேவையில்லை, ஆபீஸ் வேலை கெடாமல் இருந்தால் போதும். காசு வாங்கி டியூஷன் எடுப்பது இதில் வராது. 12ஆம் விதியைத்தான் நன்றாக நினைவில் வைக்க வேண்டும்: அனுமதி இல்லாமல் வசூலில் இறங்கக் கூடாது, பணமாக மட்டுமல்ல, பொருளாகவும் கூடாது. "எங்க லேப்ல எல்லாரும் ஆளுக்கு நூறு ரூபா போடுறோம்" என்று ஆரம்பித்தால் அங்கேயே விதி மீறல். வேறு யாராவது தர விரும்பினால் நேரடியாகப் பள்ளிக்கே கொடுக்கச் சொல்லிவிடுங்கள், பணம் உங்கள் கை வழியாகப் போக வேண்டாம். அப்புறம், மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். நம் பக்கத்தில் எந்த மேடையும் சீக்கிரம் ஒரு கட்சியின் மேடையாகிவிடும். ஐ.டி. கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் போங்கள். ஏரியாவில் நீங்கள் இன்ன வீட்டு அக்கா, இன்ன வீட்டு அண்ணன். அது போதும்.

இடமும் நேரமும் முடிவு செய்யும்போது ஏரியாவைக் கேளுங்கள். ஞாயிறு காலை என்றால் ஒருவரும் வர மாட்டார்கள், பாதி வீடு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருக்கும், மீதி சர்ச்சில் இருக்கும். நமக்குச் சனிக்கிழமை லீவு, ஆனால் அன்றைக்கும் தண்ணி லாரி வரும் நேரத்தில் வகுப்பு வைத்தால் பெண் பிள்ளைகள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள், பையன்கள் மட்டும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். என் வகுப்பில் ஆரம்பத்தில் பெண் பிள்ளைகள் குறைவாக இருந்ததற்கு இதுதான் காரணம் என்று ஒரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நேரத்தை லாரிக்கு அப்புறம் மாற்றினோம், வந்துவிட்டார்கள். இடம் எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாக இருக்கட்டும். பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். மாநகராட்சிப் பள்ளிக்குள் வைப்பதென்றால் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

சரி, என்ன சொல்லிக்கொடுப்பது? பாடப் புத்தகத்தைத் திரும்ப நடத்தாதீர்கள். அதற்கு டீச்சர்கள் இருக்கிறார்கள், நம்மைவிட நன்றாக நடத்துவார்கள். பிள்ளைகள் கையில் ஒரு கருவியைக் கொடுங்கள். நான் சொந்தக் காசில் வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று நுண்ணிய அளவு எடுக்கும் கருவி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். லேப்பில் கழித்துப் போட்டதுகூட வேண்டாம், அரசாங்கச் சொத்து கேட்டைத் தாண்டக் கூடாது. விலை குறைந்த கருவியே போதும், பூஜ்யப் பிழை (எதையும் வைக்காதபோதே பூஜ்யம் காட்டாமல் இருப்பது) இருந்தாலும் நல்லதுதான், அதையும் ஒரு பாடமாக நடத்தலாம்.

எங்கள் வகுப்பு ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில். முதலில் காரம் காய். இந்தப் பக்கத்தில் காரம் போர்டு இல்லாத சந்து கிடையாது. 2024இல் அமெரிக்காவில் நடந்த காரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் வடசென்னைப் பெண் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். விதிப்படி காயின் விட்டம் 3.02 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 3.18ஐத் தாண்டக் கூடாது. மன்றத்தில் இருந்த காய்களை எடுத்து வந்து ஒவ்வொன்றாக அளந்து, தேறியது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். லேப்பில் நாங்கள் செய்துகொண்டிருந்த ஆய்வும் அடிப்படையில் இதுவேதான். ஒரு பொருளுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு உண்டு என்பதை அந்த ஒரு சாயங்காலத்தில் புரிந்துகொண்டார்கள்.

அடுத்து தலைமுடி. ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி தன் முடி ஒன்றைப் பிடுங்கி மைக்ரோமீட்டரில் வைத்தாள். 0.07 மில்லிமீட்டர் காட்டியது. பக்கத்துப் பையன் அதே முடியை வைத்தான், 0.05. "மிஸ், இவன் பொய் சொல்றான்" என்று சண்டை. இருவரையும் மறுபடி அளக்கச் சொல்லிவிட்டு அவர்கள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடைசியில் இருக்கும் ராட்செட் என்ற சின்னத் திருகைத் திருப்பினாள், டிக் டிக் என்றதும் நிறுத்தினாள். அவன் நடுவில் இருக்கும் உருளையைப் பிடித்து, பைப் திருகுவதுபோல இறுக்கினான். முடி நசுங்கிவிட்டது. பொய் யாரும் சொல்லவில்லை, அழுத்தம்தான் மாறியது. ராட்செட் எதற்கு இருக்கிறது என்று அதற்கப்புறம் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று தடவை அளந்து மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும், பிடிக்காத அளவை அடிக்கக் கூடாது என்பதுதான் எங்கள் வகுப்பின் சட்டம். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் என்று எந்த டிரேடுக்குப் போனாலும் இந்தப் பழக்கம் கூட வரும்.

டேங்க்கைப் பற்றிக் கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். அரசே வெளியிட்டதை மட்டும் சொல்லுங்கள்: அர்ஜுன் டேங்க் ஆவடியில் வடிவமைக்கப்பட்டது, 120 மில்லிமீட்டர் பீரங்கி, அதன் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பத்திரிகையில் படித்ததாகச் சொல்லி "இது உண்மையா மிஸ்?" என்றால் ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். 1923ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் ரிட்டயர் ஆனவர்களுக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளிடம் இதை மறைக்கவும் வேண்டாம், "அதைப் பேச மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றால் மரியாதையோடு விட்டுவிடுகிறார்கள். பதிலுக்கு ஒரு கணக்கு கொடுக்கலாம். கிராஃப் நோட்டின் மேல் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, உள்ளே எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று எண்ணி, தன் எடையை அதால் வகுக்கச் சொல்லுங்கள். 40 கிலோ பிள்ளையின் இரண்டு பாதமும் சேர்ந்து 320 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 125 கிராம். அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கட்டும், குதிகாலைத் தூக்கி நிற்கட்டும். அவ்வளவு கனமான வண்டி ஏன் சக்கரத்தில் ஓடாமல் டிராக்கில் (இரும்புச் சங்கிலிப் பட்டையில்) ஓடுகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை.

டி.ஆர்.டி.ஓ. என்றாலே குண்டும் பீரங்கியும்தான் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு ரயிலைக் காட்டுவேன். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தயாராகி வரும் பெட்டிகளுக்கு அடியில் தொங்கும் பயோ டாய்லெட் தொட்டி, பனிமலையில் காவல் காக்கும் வீரர்களுக்காக நம் குவாலியர் லேப் வளர்த்த பாக்டீரியாவில் இருந்து வந்தது. நம்ப மாட்டார்கள், ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால் நம்புவார்கள்.

இனிப் படிவங்கள். உங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி இதுதான் என்பேன், பாடத்தைவிடவும். நம் பிள்ளைகள் வேலையையும் சீட்டையும் இழப்பது பெரும்பாலும் மார்க்கில் இல்லை, பெயரில்! பத்தாவது மார்க் ஷீட்டில் 'கார்த்திக் ஆர்', ஆதாரில் 'கார்த்திக் ராஜா', பாஸ்புக்கில் 'ஆர். கார்த்திக்'. அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) போர்ட்டலில் பதியப் போனால் அங்கேயே நின்றுவிடும். பத்தாவது முடித்த உடனேயே எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் மார்க் ஷீட்டுக்கு ஏற்றபடி ஆதாரைத் திருத்துவதுதான் சுலபம், ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் இ-சேவை மையத்துக்கு அனுப்பும் முன் சரியான எழுத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பேங்க் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், உதவித்தொகை அந்தக் கணக்குக்குத்தான் வரும். இங்கிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் முகவரிச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

ஐ.டி.ஐ. படிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் வீடுகள் இருக்கின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு, லேப்பில் என் கூட வேலை செய்த தேர்ந்த கைகள் பல ஐ.டி.ஐ.யில் இருந்து வந்தவை. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கி வைத்ததே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான், இருந்தும் ஐ.டி.ஐ.க்கும் அது பொருந்தும் என்று தெரியாத அம்மாக்களை நான் பார்க்கிறேன். ஐ.டி.ஐ. முடித்ததும் அப்ரண்டிஸ். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குத் தரமணியில் இருக்கும் தென்மண்டலப் பயிற்சி வாரியம். அப்ரண்டிஸ் முடித்தால் அங்கேயே வேலை நிச்சயம் என்று சொல்லிவிடாதீர்கள், அது பயிற்சிதான். லேப்பில் டெக்னீஷியன்-ஏ பணிக்குப் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் கல்வித் தகுதி, வயது 18 முதல் 28 வரை, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு ஐந்து வருஷம் தளர்வு. டி.ஆர்.டி.ஓ.வின் ஆள்தேர்வு மையமான செப்டம் (CEPTAM) நடத்தும் தேர்வைத் தவிர வேறு வழி இல்லை.

இதை உரக்கச் சொல்லுங்கள். என் தெருவிலேயே ஒரு குடும்பம் அம்மாவின் தோட்டையும் செயினையும் அடகு வைத்து, டி.ஆர்.டி.ஓ.வில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு தரகரிடம் கொடுத்தது. முத்திரையோடு ஒரு ஆர்டர் காகிதமும் வந்தது. அந்த அம்மா அதை என்னிடம் காட்டியபோது பணம் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஏரியாவில் லேப்காரர் ஒருவர் இருக்கிறார், காகிதத்தை அவரிடம் காட்டிக் கேட்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அந்தக் காது வெறுமையாகியிருக்காது. பணம் கேட்டால் அது வேலை இல்லை, போலீஸுக்குப் போக வேண்டிய விஷயம்.

மழைக்காலத்துக்கு எலக்ட்ரிக்கல் ஆட்களைக் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் வடிந்த மறுநாளே ஃப்ரிட்ஜையும் மோட்டாரையும் போட்டுப் பார்க்கத் துடித்த வீடுகள் எத்தனை! முதலில் மெயினை அணைக்க வேண்டும், ஈரத்தில் நின்றுகொண்டு அதையும் தொடக் கூடாது. மீட்டர் பெட்டி நனைந்திருந்தால் நாம் கை வைக்கவே கூடாது, மின்னகம் 94987 94987இல் புகார் கொடுத்துவிட்டு இ.பி. ஆட்களுக்குக் காத்திருக்க வேண்டும். மோட்டாரைக் கழற்றி, சாக்கடைச் சேறு போக நல்ல தண்ணீரில் அலசி, காய வையுங்கள். டிசம்பரில் வெயிலை நம்ப முடியாது, ஒரு மரப்பெட்டிக்குள் மோட்டாரை வைத்துப் பழைய 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டால் சூட்டில் காயும். அப்புறம் 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் கருவி) காயிலுக்கும் பாடிக்கும் நடுவே பார்க்க வேண்டும். ஒரு மெகாஓம்கூட இல்லையென்றால் இன்னும் காயவில்லை, கரண்ட் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் பார்க்கட்டும், நீங்கள் டார்ச் பிடியுங்கள், வீட்டுக்காரரைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள், அதுவே ஒரு வேலை. அதே புயலில் எண்ணூர் முகத்துவாரத்தில் மிதந்த எண்ணெயை மீனவர்கள் வெறுங்கையால் பக்கெட்டில் அள்ளினார்கள். கெமிக்கல் பிரிவில் இருப்பவர்கள் அந்த மாதிரி நேரத்தில் நைட்ரைல் கையுறை எது, சாதா ரப்பர் எது, எப்போது கழற்றி எறிய வேண்டும் என்று கூட நின்று சொல்லலாம்.

ரத்தம் கொடுக்கலாம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி நமக்குப் பக்கம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

கடைசியாக ஒன்று. டூர் வரும், டேங்க் டிரயலுக்கு ராஜஸ்தான் போக வேண்டியிருக்கும், டிரான்ஸ்ஃபர் வரும். ஆரம்பிக்கும்போதே இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், லேப்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் கருவிப் பெட்டியும் வருகை நோட்டும் இப்போது ஐ.டி.ஐ. முடித்த ஒரு பெண்ணின் வீட்டில் இருக்கின்றன. மாடிக் கதவுச் சாவி அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. நான் ஊரில் இல்லாத சனிக்கிழமைகளில் அவளே திறந்து வகுப்பை நடத்துகிறாள்.