மரங்களுக்கு அடியில் ஆர்டிகே அளவீடு: புதியவர்களுக்குப் படிப்படியாக

ஆர்டிகே என்பது, இடம் தெரிந்த நிலையான கருவி (பேஸ்) அனுப்பும் திருத்தத்தைக் கொண்டு, நாம் எடுத்துச் செல்லும் கருவி (ரோவர்) ஓரிரு செ.மீ. துல்லியத்தில் புள்ளிகளை அளக்கும் செயற்கைக்கோள் முறை. ரோவரின் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வந்ததும் புள்ளியைச் சேமித்துவிட்டு நகர்ந்துவிடுவது திறந்த வெளியில் பெரும்பாலும் பாதகமில்லை. அடர்ந்த மரங்களுக்கு அடியில் அந்த ஒரு சொல்லை நம்பிப் புள்ளியைப் பதியவே கூடாது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1 என்ற அலையின் நீளம் சுமார் 19 செ.மீ. செயற்கைக்கோளுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே இப்படி எத்தனை முழு அலைகள் உள்ளன என்பதை ரிசீவர் தீர்மானித்துவிட்டதாகக் கருதும் நிலைதான் ஃபிக்ஸ். ஈர இலைகள் சிக்னலை வலுவிழக்கச் செய்கின்றன. அடிமரங்கள் அதை மறைக்கின்றன, அல்லது வேறு பாதையில் திருப்பிவிடுகின்றன. இதனால் அந்த எண்ணிக்கை தவறிப்போகலாம். தவறினாலும் திரை 2 செ.மீ. துல்லியம் என்றே காட்டக்கூடும்; புள்ளியோ அரை மீட்டருக்கு மேல் விலகியிருக்கலாம்.

படி 1: வெளியே தயாராகுங்கள்

வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் ரோவரை இயக்கி, ஏற்கெனவே ஆயத்தொலைவு தெரிந்த புள்ளி ஒன்றில் சரிபாருங்கள். ஜிபிஎஸ்ஸுடன் குளோனாஸ், கலிலியோ, பெய்டோ ஆகிய மற்ற செயற்கைக்கோள் அமைப்புகளையும் பயன்பாட்டில் வையுங்கள். பேஸ் அனுப்பும் திருத்தத் தரவிலும் அவை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. உயரக்கோண வரம்பு (இதைவிடத் தாழ்வாகத் தெரியும் செயற்கைக்கோள்களைக் கருவி ஒதுக்கிவிடும்) 10 முதல் 15 டிகிரி போதும்.

படி 2: முதல் அளவீடு

ஆன்டெனா பொருத்திய கோலைத் தாங்குகால்களில் நிறுத்துங்கள். கையில் பிடித்து அளப்பது இங்கே சரிவராது. ஃபிக்ஸ் வந்த உடனேயே சேமிக்காமல், ஓரிரு நிமிடம் உயர மதிப்பைக் கவனியுங்கள். கோளாறு பல நேரங்களில் முதலில் தெரிவது உயரத்தில்தான். அது நிலைத்த பிறகு 2 முதல் 3 நிமிடம் பதிவு செய்யுங்கள்.

படி 3: ஃபிக்ஸை முறித்து மீண்டும் அளங்கள்

கருவியில் மறுதொடக்க வசதி இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் ஆன்டெனாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, சிக்னல் முழுவதும் அறுந்த பிறகு நிமிர்த்துங்கள். ரிசீவர் எண்ணிக்கையைப் புதிதாகக் கண்டுபிடிக்கட்டும். புதிய அளவீட்டை வேறு பெயரில் சேமியுங்கள்.

இரண்டும் ஒத்துப்போனாலும் வேலை முடியவில்லை. அதே செயற்கைக்கோள்கள் அதே மரங்களில் பட்டுத் தெறித்தால் அதே தவறு இரண்டு முறையும் வரலாம். எனவே குறைந்தது ஒரு மணி நேரமாவது கழித்து மறுபடி வாருங்கள். இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி இன்னும் நல்லது. மறுநாள் அதே நேரத்தில் வருவது நல்ல தேர்வு அல்ல. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நாள்தோறும் சுமார் 4 நிமிடம் முன்னதாக, வானில் ஏறக்குறைய அதே அமைப்புக்குத் திரும்பிவிடுகின்றன.

அளவீடுகள் 3 செ.மீ.க்குள் ஒத்துவந்தால் சராசரி எடுக்கலாம். ஒன்று 40 செ.மீ. விலகி நின்றால் தயவுசெய்து சராசரி எடுக்காதீர்கள்: சரியான அளவும் அதோடு சேர்ந்து கெட்டுவிடும். மீண்டும் அளந்து, எது தவறு என்று கண்டுபிடித்து அதை நீக்குங்கள்.

படி 4: ஒத்துவராவிட்டால் டோட்டல் ஸ்டேஷன்

டோட்டல் ஸ்டேஷன் என்பது செயற்கைக்கோள் இல்லாமலே, தெரிந்த புள்ளிகளிலிருந்து கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவி. ஃபிக்ஸுக்காக மணிக்கணக்கில் மரத்தடியில் காத்திருப்பதைவிட இதுவே விரைவான வழி என்பது என் கருத்து. வெட்டவெளியில் ஒன்றிலிருந்து ஒன்று தெரியும்படி இரண்டு புள்ளிகளை ஆர்டிகேயில் அளந்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனால் மரங்களுக்குள் செல்லுங்கள்.

அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம் மிக முக்கியம். அவை 20 மீட்டர் இடைவெளியில் இருந்து, ஒன்று பக்கவாட்டில் 2 செ.மீ. பிசகியிருந்தால், 100 மீட்டர் உள்ளே போகும்போது அது 10 செ.மீ. பிழையாகிவிடும். இடைவெளி 200 மீட்டர் என்றால் அதே பிசகால் வரும் பிழை வெறும் 1 செ.மீ.

வெளியே மூன்றாவது புள்ளி ஒன்றையும் ஆர்டிகேயில் அளந்து வையுங்கள். உள்ளே நுழையும் முன் டோட்டல் ஸ்டேஷனால் அதைப் பார்த்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் போனால், வெளிப்புள்ளிகளை முதலில் மீண்டும் அளந்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.