ஐரோப்பாவுக்குத் தனியாக, சிக்கனமாக

பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிச் மூன்றையும் ஒரே பயணத்தில் அடுக்கினால் பர்ஸ் தாங்காது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி நாட்களை பிராக், கிராகோவ், புடாபெஸ்ட் பக்கம் திருப்புங்கள். பாரிஸில் இறங்கி புடாபெஸ்டில் விமானம் ஏறும்படி ஒரே டிக்கெட்டாகவே எடுக்கலாம். பாரிஸுக்குத் திரும்பி வரும் செலவு மிச்சம்.

பிராக், கிராகோவ், புடாபெஸ்ட் மூன்று ஊர்களிலும் யூரோ கிடையாது. பிராக்கில் கொருனா, கிராகோவில் ஸ்லோட்டி, புடாபெஸ்டில் ஃபோரின்ட்தான் பணம். ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது, "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடலாமா?" என்று திரையில் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் பகல் கொள்ளை. கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கதைதான்.

இரவு பஸ்ஸில் போனால் ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சமாகும். அடுத்தடுத்து இரண்டு ராத்திரி மட்டும் வேண்டாம். பகலில் ஊர் பார்க்காமல் பூங்கா பெஞ்சில் தூங்குவீர்கள்.