நாடு திரும்பியவர் எச்-1பி விசாவை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில், சிறப்புத் திறன் பணிகளுக்கான எச்-1பி வேலை விசாவில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுக் குடும்பச் சூழலாலோ வேலையிழப்பாலோ நாடு திரும்பியவர்களில் பலர், மறுபடியும் போக வேண்டுமானால், ஆண்டு ஒதுக்கீட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குலுக்கலான லாட்டரியில் தேர்வாக வேண்டும் என்றே நம்புகிறார்கள். முதல் தவறு இதுதான். ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கான கூடுதல் 20,000 இடங்களும் கொண்ட ஒதுக்கீட்டில் ஒருமுறை கணக்கிடப்பட்டவருக்கு, எச்-1பியில் தங்குவதற்கான மொத்த ஆறாண்டு வரம்பில் மிச்சமிருக்கும் காலத்துக்காக நிறுவனம் எந்த மாதத்திலும் மனுச் செய்யலாம். ஆனால் ஒதுக்கீட்டிலிருந்து விலக்குப் பெற்ற பல்கலைக்கழகத்தில் மட்டுமே பணியாற்றியவர் அந்தக் கணக்கில் ஏறியவர் அல்லர். தனியார் நிறுவனத்துக்குச் செல்ல அவருக்கு லாட்டரி உண்டு.

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்குப் புதிதாக ஆறாண்டுகள் கேட்கும் உரிமையும் வருகிறது. இதை மிச்சக் காலத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. புதிய ஆறாண்டுக்கு லாட்டரி கட்டாயம். வேலை கையில் இருக்கும்போது, ஆறாண்டு ஆசையில் அதை விட்டுவிட்டு மார்ச் மாத லாட்டரிப் பதிவுக்குக் காத்திருப்பது பெரும்பாலும் நல்ல பேரம் அல்ல என்பதே என் கருத்து. மிச்சக் காலத்தில் சென்று, கிரீன் கார்டுக்காக நிறுவனம் தாக்கல் செய்யும் ஐ-140 மனு ஒப்புதலாகிவிட்டால், கிரீன் கார்டு வரிசையில் தம் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி வரக் காத்திருப்பவருக்கு ஆறாண்டுக்கு அப்பாலும் நீட்டிப்புக் கிடைக்கும். மேலும், இடையில் சுற்றுலா விசாவில் அமெரிக்கா சென்றுவந்த நாட்கள் அந்த ஓராண்டுக் கணக்கில் சேரா. அத்தனை நாட்கள் கூடுதலாக வெளியே இருக்க வேண்டும்.

அடுத்தது நாட்கணக்கு. எச்-1பி காலத்தில் விடுமுறைக்கோ அலுவல் பணிக்கோ நாட்டுக்கு வெளியே கழித்த முழு நாட்களையும் திரும்பக் கேட்டுப் பெறலாம். பேச்சுவழக்கில் இதை 'ரீகேப்சர்' என்கிறார்கள். ஜூன் 10 அன்று விமானம் ஏறி ஜூன் 30 அன்று வந்திறங்கியவர் இருபது நாட்கள் என்று எழுதிவிடுவார். புறப்பட்ட நாளும் வந்திறங்கிய நாளும் சேராதாகையால், கிடைப்பவை 11 முதல் 29 வரையிலான 19 நாட்களே. நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. குடிவரவுத் துறை தானாகக் கூட்டித் தராது. பயணம் வாரியாகத் தேதிகளை அட்டவணையிட்டு, கடவுச்சீட்டு முத்திரைகள், அமெரிக்க வருகை, புறப்பாட்டுப் பதிவான ஐ-94இன் பயண வரலாறு, விமானச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். கடவுச்சீட்டைப் புதுப்பித்த பிறகு பழையதைத் தொலைத்துவிடுவோர் இந்த இடத்தில்தான் திண்டாடுகிறார்கள். ஒரே நிறுவனத்தின் கிளைகளுக்கிடையே மாற்றலாகி வருபவருக்கான எல்-1 விசாவில் இருந்த காலமும் ஆறாண்டிலிருந்து கழிக்கப்படும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எச்-4 விசாவில் துணைவராக இருந்த காலம் கழிக்கப்படாது.

கடவுச்சீட்டில் உள்ள விசா இன்னும் காலாவதியாகவில்லை என்பதற்காக, பழைய வேலையை விட்டவர் அதைக் காட்டி நுழைய முயல்வது ஆபத்தானது. அது நுழைவு கேட்பதற்கான அனுமதி மட்டுமே; பின்னால் ஒரு நிறுவனத்தின் மனுவும் உண்மையான வேலையும் இருந்தாக வேண்டும். புதிய நிறுவனத்தின் மனு ஒப்புதலாகிவிட்டாலோ, பழைய விசாவையே அந்த ஒப்புதல் கடிதத்துடன் பயன்படுத்தலாம். கடவுச்சீட்டில் மறுபடி விசா பதிக்கும் 'ஸ்டாம்பிங்' தேவையில்லை.

அந்தக் காலாவதித் தேதிக்கு இப்போது இன்னொரு மதிப்பும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 21 முதல் 12 மாதங்களுக்கு என்று பிறப்பிக்கப்பட்ட அதிபர் பிரகடனத்தின்படி, அமெரிக்காவுக்கு வெளியே, செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாமல் இருப்பவருக்காகத் தாக்கலாகும் புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் செலுத்த வேண்டும். லாட்டரி தேவைப்படாதவர் என்பதால் மட்டும் இதிலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது. ஆகவே வேலைக்கான பேச்சு முற்றுவதற்குள், தம் விசா எந்தத் தேதி வரை செல்லும் என்பதை நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞருக்குத் தெரிவித்து, பிரகடனத்தின் அன்றைய நிலையையும் அவரிடமே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.