கிறிஸ்துமஸ் கேக்: எதில் சிக்கனம், எதில் வேண்டாம்

டிசம்பர் வந்தால் தர்மபுரி பேக்கரிகளில் பிளம் கேக் அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டிலேயே கம்மி செலவில் செய்யலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். பழத்துக்குக் காசைக் கொட்டிவிட்டு வெண்ணெயிலும் முட்டையிலும் கை வைப்பார்கள். இருக்க வேண்டியது நேர்மாறாக.

முதலில் பழம். ஃப்ரூட் மிக்ஸ் என்று கலர் கலராக விற்கும் பாக்கெட்டில் பாதிக்கு மேல் டூட்டி ஃப்ரூட்டி, அதாவது பாகில் ஊறிய பப்பாளிக்காய். மளிகைக்கடையில் பேரீச்சையும் கருப்புத் திராட்சையும் சில்லறையாக வாங்கி, டூட்டி ஃப்ரூட்டி ஒரு கைப்பிடி சேர்த்தால் போதும், அத்தியும் செர்ரியும் எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. முந்திரியில் பாதிக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை போடலாம். முகம் சுளிக்காதீர்கள், நம்ம ஊர்க் கடலைதானே, நன்றாகவே இருக்கும். கமலா ஆரஞ்சு சாப்பிட்டால் தோலை எறியாதீர்கள். உள்ளே இருக்கும் வெள்ளையைச் சுரண்டி, மெல்லிசாக நறுக்கி, இரண்டு தடவை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிட்டுக் கசப்பை வடித்து, அப்புறம் சர்க்கரைப் பாகில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவிடுங்கள். கேக்குக்கு வாசம் தருவதே இதுதான்.

ரம் இல்லாமல் பழச்சாற்றில் ஊறப்போட்டுவிட்டு ஜாடியை வாரக்கணக்கில் அடுப்பு மேடையிலேயே வைப்பது அடுத்த தவறு. சாறு புளித்துப் பொங்கிவிடும். பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஐந்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அன்றைக்கே கேக் போடலாம்.

கருப்பு நிறத்துக்குச் சிலர் கோகோவை அள்ளிப் போடுகிறார்கள். அந்த நிறம் கேரமலிலேயே, அதாவது உருக்கிச் சிவக்கவிட்ட சர்க்கரையிலேயே வந்துவிடும். அதைச் செய்யச் சர்க்கரை மட்டும் போதும், செலவே இல்லை. அடிகனமான பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையை உருக்கினால் முதலில் தேன் நிறம், பிறகு செம்பழுப்பு, அதன் பின் லேசாகப் புகை எழும். அந்தப் புகை வந்ததும் அடுப்பை அணைத்து, தள்ளி நின்று அரை டம்ளர் கொதிநீரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கெட்டியாக உறைந்துவிடும், மேலே தெறிக்கவும் செய்யும். தேன் நிறத்திலேயே பயந்து நிறுத்தினால் வெறும் இனிப்புதான் மிஞ்சும். அதற்காகக் கருகவிட்டுவிடாதீர்கள், அப்புறம் கேக் முழுக்கக் கசக்கும்.

கடத்தூர் வெல்லம் கிடைக்கிறதே என்று சர்க்கரை முழுவதையும் மாற்றினால் கேக் களிபோல் இறுகும், ஏனென்றால் வெண்ணெயோடு சேர்த்து அடித்துக் காற்றை ஏற்றுவது சர்க்கரைத் துகள்கள்தான். கால் பங்கு மட்டும் மாற்றுங்கள், அதுவும் பொடித்துச் சலித்து.

250 கிராம் மைதாவுக்கு 200 கிராம் வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, 4 முட்டை, 300 கிராம் பழம், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர். பவுடர் இல்லையென்று அதே அளவு சமையல் சோடா போட்டால் சோப்பு வாடைதான் வரும். வெண்ணெய்க்குப் பதில் டால்டா போட்டால் நாக்கில் மெழுகு ஒட்டும். காசு இடித்தால் பாதி வெண்ணெய், பாதி வாசமில்லாத எண்ணெய். ஓசூர், தளி பக்கம் டிசம்பர் குளிரில் வெண்ணெய் வெளியே வைத்தாலும் கல்லாகத்தான் இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் வைத்து இளக்குங்கள், உருகவிடாதீர்கள். முட்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, இல்லை, எடுத்த குளிரோடு உடைத்து ஊற்றினால் கலவை திரிந்துவிடும்.

பழத்தைச் சாறு வடித்து, அளந்த மைதாவிலேயே இரண்டு கரண்டி எடுத்துப் பிரட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் அடியில் போய் உட்காரும்.

கேக் சுட ஓவன் இல்லையென்றால் பழைய குக்கர் போதும். காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் உப்பு பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, பத்து நிமிடம் சூடேற்றிய பிறகே கேக் பாத்திரத்தை இறக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. சிறு தீயில் ஒரு மணி நேரம் பிடிக்கும், முதல் நாற்பது நிமிடம் மூடியைத் திறந்து பார்க்கவே வேண்டாம்.

சூடாக வெட்டினால் உதிரும், மறுநாள்தான் சுவை கூடும். அதனால் 23ஆம் தேதி சாயங்காலமே சுட்டுவிடுங்கள். ரம் சேராத கேக் மாதக்கணக்கில் தாங்காது, வெளியே நாலு நாள், மீதியை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.