விதை மல்லாட்டை: எப்போது விதைப்பது, எப்போது பிடுங்குவது?

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் புதிதாக மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர்கள் எந்த ரகம், எவ்வளவு உரம் என்று கேட்பார்கள், தேதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நல்ல ரகம்கூட தேதி தவறினால் பருப்பு நிறையாத பொக்குக்காயாகத்தான் வீட்டுக்கு வரும். அதனால் பிடுங்கும் நாளை முதலில் யோசித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறியுங்கள்.

படி 1: நாள் எண்ணுவது

கொடியாகப் படராமல் நிமிர்ந்து வளரும் கொத்து ரகங்கள் ஏறக்குறைய 105 நாள் பயிர். ஜூலை நடுவில் விதைத்தால் அக்டோபர் கடைசியில் பிடுங்க வேண்டி வரும், அது வடகிழக்குப் பருவமழை இறங்குகிற நேரம். இந்த ரகங்களின் விதைக்கு உறக்கம் குறைவு, முற்றிய காய் ஈரமண்ணில் கிடந்தால் செடியிலேயே முளைவிட்டுவிடும். மானாவாரிக்காரர்கள் ஜூனில் ஈரம் கிடைத்ததும் விதைத்துவிடுவது நல்லது.

விதைக்கென்றே போடுவதானால், கிணற்றுத் தண்ணீர் இருக்கிறவர்களுக்குப் பொங்கலை ஒட்டிய விதைப்பைத்தான் நான் சொல்வேன். சித்திரை வெயிலில் பிடுங்கிக் காயவைக்கலாம், அந்த விதை இரண்டே மாதத்தில் அடுத்த மானாவாரிக்குப் பயன்படும். மல்லாட்டை விதை நெடுநாள் வீரியம் தாங்காது என்பதால் இந்த இடைவெளி ரொம்ப முக்கியம். டிசம்பர் குளிரில் மட்டும் அவசரப்படாதீர்கள், முளைப்பு மந்தமாகும்.

படி 2: நடுவில் ஒரு வேலை

40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணையுங்கள். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து காயே உறிஞ்சுகிறது, அது குறைந்தால் பருப்பு நிறையாது.

படி 3: காயை உடைத்துப் பார்ப்பது

நாள்கணக்கு ஒரு உத்தேசம்தான். 95 நாள் தாண்டியதும் வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் சில செடிகளைப் பிடுங்கி, காயை உடைத்து ஓட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் பிஞ்சு, கருத்து பழுப்பேறியிருந்தால் முற்றிவிட்டது. முக்கால்வாசிக் காய் கருத்திருந்தால், சரி, பிடுங்கலாம். அதற்கு முன்பே பிடுங்கினால் பருப்பு சுருங்கும், எண்ணெய் குறையும், முளைப்பும் சரியாக வராது. தாமதித்தால் காம்பு இற்றுப்போய்க் காய் மண்ணிலேயே தங்கிவிடும், அதைக் கொத்திப் பொறுக்கும் கூலிக்கே வருமானம் போய்விடும். மண் இறுகியிருந்தால் லேசாகத் தண்ணீர் விட்டுப் பிடுங்குங்கள்.

படி 4: காயவைப்பதும் வைப்பதும்

செடியைக் காய் மேலே தெரியும்படி திருப்பிப் போட்டு வாடவிட்டு, அப்புறம் காயை ஆயுங்கள். விதைக்காய்களை உச்சி வெயிலில் சிமெண்டுக் களத்தில் பரப்பக்கூடாது, தோல் வெடித்துக் கரு கெடும். காலை, மாலை இளவெயில் போதும். குலுக்கினால் பருப்பு உள்ளே ஆடும் சத்தம் கேட்க வேண்டும், ஈரம் 8, 9 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். ஓட்டோடு சாக்கில் கட்டிப் பலகைமேல் வையுங்கள், விதைக்கும் வாரத்தில்தான் கையால் உரிக்க வேண்டும்.

உரித்ததும் 100 பருப்பை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணிப் பாருங்கள். 70-க்குக் கீழே முளைத்தால் அதை விதைக்க வேண்டாம். பூஞ்சை பிடித்ததைக் கழித்துவிட்டு மீதியைச் செக்குக்கு அனுப்புங்கள், நம் மண்ணுக்கு எந்த ரகம் சரிவரும் என்று விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவிட்டு வேறு விதை வாங்குங்கள்.