பழைய படமும் பழைய கசெட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஆவணப்படம் பார்க்கும்போது பலர் முதலில் கோட்டை விடுவது குரலில்தான். காட்சியை நாம் சரியாகப் பார்ப்பதற்குள் பின்னணிக் குரல் முடிவைச் சொல்லிவிடும், நாமும் தலையாட்டிவிடுவோம். அந்தக் காலத்துச் செய்திப்படங்களில் பல ஒலியில்லாமல் எடுக்கப்பட்டவை. குரலும் இசையும் பிறகு ஸ்டூடியோவில் சேர்க்கப்பட்டன. முதல் தடவை சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள்.

1934இல் பிரித்தானியரான பேசில் ரைட் இலங்கையைப் பற்றி எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தை எடுத்துக்கொள்வோம். ஒலி முழுக்க லண்டனில் கோர்க்கப்பட்டது. அதில் இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாசிப்பது, ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி 1681இல் வெளியிட்ட நூலின் வரிகள். 1660இல் நம்முடைய திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடம் கைதியாக இருந்த அதே நொக்ஸ். ஆக, 1930களின் காட்சிகளுக்கு மேல் 17ஆம் நூற்றாண்டுச் சொற்கள் ஓடுகின்றன. பணம் கொடுத்தது தேயிலைப் பிரசார சபை. இது தெரியாமல் “அந்தக் கால இலங்கை அப்படியே இருக்கிறது” என்பது பிழை. தெரிந்தபின் “விளம்பரம்தானே” என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய பிழை. காட்சியும் ஒலியும் ஒன்றையொன்று உரசிப் போகும் அந்த விதத்துக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

கனடாவின் வடக்கில் பனியில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றி 1922இல் வந்த ஃபிளாஹர்ட்டியின் ‘நானூக்’ ஆவணப்படத்துக்கும் இதே கதிதான். உள்ளே வெளிச்சம் போதாமல் பனிவீட்டைப் பாதியாகக் கட்டிப் படம்பிடித்தார் என்று அறிந்ததும், எல்லாமே பொய் என்று சிலர் மூடிவைத்துவிடுகிறார்கள். எது நடிக்கவைக்கப்பட்டது, ஏன் என்று கேட்டால் படம் இன்னும் திறக்கும்.

அடுத்தது, ஒளிபரப்பானதெல்லாம் எங்கோ பத்திரமாக இருக்கும் என்ற நினைப்பு. வீடியோ நாடா ஒளிபரப்புக்கு வந்ததே 1956இல். வந்தபின்னும் விலை அதிகம் என்பதால் அழித்து அழித்துப் பதிந்தார்கள். பிபிசி அப்படி இழந்த நிகழ்ச்சிகள் ஏராளம். 1969இல் நிலவில் இறங்கியதன் மூல நாடாக்களும் மறுபாவனைக்காக அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றே நாசா தேடிப்பார்த்து முடிவு செய்தது. இலங்கையில் 1979இல்தான் சுயாதீனத் தொலைக்காட்சி, 1982இல் ரூபவாஹினி. அதற்கு முந்திய திருகோணமலையை உள்ளூர்த் தொலைக்காட்சிக் காப்பகத்தில் தேடிப் பயனில்லை. 1948இல் தொடங்கிய அரசாங்கத் திரைப்படப் பிரிவு, பிரித்தானியச் செய்திப்படங்கள் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

எனக்கு அதிகம் மனம் பதறுவது நம் வீட்டு அலுமாரிகளை நினைத்துத்தான். 2004 சுனாமியில் அல்பமும் வீடியோ கசெட்டும் கடலோடு போன வீடுகள் உண்டு. மிஞ்சியவற்றை உப்புக்காற்றும் ஈரமும் தின்கின்றன. கசெட்டின் கண்ணாடிப் பக்கத்தால் பாருங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளைப்பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். ஆசையில் டெக்கில் போட்டுவிடாதீர்கள். நாடா கிழியலாம், அடுத்துப் போடும் கசெட்டுக்கும் அது ஒட்டும். துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். முதுகுப்பக்கத்துச் சின்னப் பிளாஸ்டிக் தகடு உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், மேலே தவறுதலாக வேறெதுவும் பதியாது.

கணினிக்கு மாற்றும்போது “தேவையில்லாத இடங்களை வெட்டுங்கோ” என்று சொல்பவர்களே அதிகம். தாலி கட்டுவது எல்லாக் கல்யாணத்திலும் ஒன்றுதான். கமெராக்காரர் சும்மா தெருப்பக்கம் திருப்பிய அரை நிமிடத்தில்தான் இன்று இல்லாத மதில், கடைப்பலகை, சைக்கிள் வரிசை எல்லாம் இருக்கும். பத்திரகாளி அம்மன் தேர் என்றாலும் அப்படித்தான், தேரைவிடச் சுற்றி நிற்கிற சனத்தைப் பாருங்கள். ஒன்றையும் வெட்ட வேண்டாம். அகலத்திரைக்காக இழுத்து முகங்களை உப்பவைக்கவும் வேண்டாம். இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

மாற்றியாச்சு என்று மூலக் கசெட்டை வீசிவிடாதீர்கள், பின்னாளில் இதைவிட நன்றாக எடுக்க வழி வரலாம். கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். அப்புறம், “மாமா கல்யாணம்” என்று மட்டும் எழுதிய கசெட்டுகள் எத்தனை! எந்த மாமா, எந்த வருடம், எந்தத் தெரு? பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் இருத்தி ஓடவிட்டு, ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பெயர் கேட்டு எழுதுங்கள்.