முதல் வகை நீரிழிவுள்ள குழந்தையுடன் ஏற்காடு செல்ல

முதல் வகை நீரிழிவு அண்மையில் கண்டறியப்பட்ட குழந்தையை ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்லத் தடையில்லை. ஆனால் இன்சுலினைச் சேலத்து வெயிலில் நிறுத்திய காரில் விட்டுச் செல்லக் கூடாது. பயன்பாட்டிலுள்ள மருந்தை 30 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கக் குளிர்காப்புப் பை போதும். பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டு உறைந்துவிட்டால் அது பயன்படாது.

20 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எந்தக் குழந்தைக்கும் இயல்பே என்றாலும், இன்சுலின் போட்டு உண்டபின் வாந்தியெடுத்தால் சர்க்கரை சட்டென இறங்கக்கூடும் என்பதால், அப்போது செய்ய வேண்டியதை மருத்துவரிடம் முன்பே கேட்டறிய வேண்டும். நடுக்கமோ வியர்வையோ தோன்றினால் வண்டியை நிறுத்திச் சோதித்து, இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இருந்தால் மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவு குளுக்கோஸ் தந்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்கவும். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.

மல்கோவா மாம்பழத்தை முற்றிலும் மறுப்பது, என் கருத்தில், வீண் கொடுமை. துண்டை எடைபோட்டு, மாவுச்சத்தைக் கணக்கிட்டு, உரிய இன்சுலினுடன் சாப்பாட்டு வேளையில் தரலாம்.